பேகனும் என் கொழுந்தனின் சேவலும்

பொறாமையே இல்லாத மனுஷி என்று யாராவது என்னைப் பற்றிச் சொன்னால் நம்பிவிடாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரி புதுச் சேலை கட்டினால் எனக்கு இரண்டு நாளைக்குச் சோறு இறங்காது. ஓரகத்தியின் எருமை ஒரு படி பால் கூடக் கறந்தால் எங்கள் எருமையை நின்று முறைப்பேன் (அது பாவம், என்ன செய்யும்). ஆனால் இவையெல்லாம் சில்லறைப் பொறாமைகள். வாழ்க்கையில் ஒரே ஒருத்தியைப் பார்த்துத்தான் எனக்கு நிஜமாகவே வயிறு எரிந்திருக்கிறது. அவள் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. அவளிடம் எனக்குப் பிடிக்காத முதல் விஷயமே அதுதான்.

எழுபதுகளின் கடைசியில் எருமப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு தொடக்கப்பள்ளியில் நான் மூன்றாம் வகுப்பு டீச்சர். 'அ' பிரிவு என்னுடையது. 'ஆ' பிரிவுக்குச் சேலத்திலிருந்து புதிதாக வந்து சேர்ந்தவள் விஜயா. இருபத்திரண்டு வயதுதான் இருக்கும். நாமக்கல்லில் அறை எடுத்துத் தங்கி, தினமும் காலை பஸ்ஸில் வந்து இறங்குவாள். அவள் இறங்குவதற்கு முன்பே பத்துப் பிள்ளைகள் அங்கே காத்துக் கிடக்கும். அவளுடைய சாப்பாட்டுப் பையை யார் தூக்குவது என்று ஒரு தள்ளுமுள்ளு நடக்கும். அதில் பெரும்பாலும் ஜெயிப்பது என் மகள் கோமதி. அவள் விஜயாவின் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடப்பாள். பெற்ற தாய் நான், என் பையை நானே தூக்கிக்கொண்டு பின்னால் நடப்பேன்.

கோமதி 'ஆ' பிரிவில் இருந்ததற்கும் நானேதான் காரணம். சொந்த மகளை என் வகுப்பிலேயே வைத்துக்கொண்டால், சலுகை காட்டுகிறேன் என்று நாலு பேர் பேசுவார்கள் என்று வருஷ ஆரம்பத்தில் தலைமையாசிரியரிடம் பெருமையாகச் சொல்லி, அவளை அடுத்த பிரிவுக்கு அனுப்பி வைத்தேன். அப்போது 'ஆ' பிரிவுக்கு ஆளே இல்லை. யார் வரப்போகிறார்கள் என்று கண்டேனா.

விஜயா வந்த மூன்றாம் வாரம் எங்கள் வீட்டுக் குடை காணாமல் போனது. மரக் கைப்பிடி வைத்த புதுக் குடை. பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போன கோமதி வெறுங்கையோடு வந்தாள். குடை எங்கே என்று கேட்டதற்கு, பாகற்கொடிக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள். எனக்கு விளங்கவில்லை. திரும்பக் கேட்டேன்.

"அது புடிச்சு ஏறதுக்கு ஒண்ணுமே இல்லாம தரையில கெடந்து தவிச்சுதும்மா. பாரி தேரையே குடுத்தாரு. என்கிட்டத் தேரா இருக்குது? அதான் கொடையக் குடுத்துப்போட்டேன்."

லாரி ஓட்டிக்கொண்டு வடக்கே போய்விட்டு அன்றைக்குத்தான் வீடு வந்திருந்தார் என் வீட்டுக்காரர். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நல்லவேளை, லாரியை வேலியோரமாக நிறுத்தவில்லை என்றார். நான் கோமதியின் முதுகில் இரண்டு வைத்தேன். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால், கிணற்று மேட்டுக்குப் பக்கத்தில் குடை மண்ணில் ஊன்றி நிற்கிறது. பாகற்கொடியின் பற்றுக்கம்பி ஒன்று அதற்குள்ளாகவே குடைக் கம்பியைச் சுற்ற ஆரம்பித்துவிட்டது. பிடுங்க மனசு வரவில்லை. அங்கேயே நின்றேன். கண்ணில் தண்ணீர் வந்தது. குடை போன வருத்தம் இல்லை அது, சுத்தமான பொறாமை.

ஏனென்றால் அதே பாடத்தை நான் மூன்று வருஷமாக நடத்திக்கொண்டிருந்தேன். தமிழ்நாட்டை ஆண்ட பெரியவர்களில் கடையேழு வள்ளல்கள். என் முறை எளிமையானது. பேகன், பாரி, காரி, ஆய், அதியமான், நள்ளி, ஓரி என்று கரும்பலகையில் எழுதிப் போடுவேன். வகுப்பே சேர்ந்து கத்த வேண்டும். ஒரு பெயர் விட்டுப்போனால் இருபது தடவை எழுத வேண்டும். பிள்ளைகள் மூச்சு விடாமல் ஒப்பித்தன. ஒரே மூச்சில் சொல்லிச் சொல்லி, ஏழு பேரும் ஒரே ஆள்தான் என்று நினைத்த பிள்ளைகளும் உண்டு. என் வகுப்பில் வள்ளல் பாடம் படித்த ஒரு பிள்ளையாவது பக்கத்துப் பிள்ளைக்கு ஒரு சிலேட்டுக் குச்சி கொடுத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. இவள் மூன்று வாரத்தில் என் மகளை ஒரு குடையைத் தூக்கிக் கொடுக்க வைத்துவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று தகவல் வந்தது. தலைமையாசிரியர் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். மூன்றாம் வகுப்பின் இரண்டு பிரிவும் ஆளுக்கொரு வள்ளலை இன்ஸ்பெக்டர் முன்னால் நடத்திக் காட்ட வேண்டும், பெற்றோர்களையும் வரச் சொல்லியிருக்கிறேன் என்றார். விஜயாவுக்குக் கொல்லிமலை ஓரி. ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் துளைத்தவர். எனக்குப் பேகன். குளிரில் நடுங்கிய மயிலுக்குத் தன் போர்வையைக் கொடுத்தவர்.

அன்று சாயங்காலம் கோமதி வீட்டில் தரையில் ஊர்ந்துகொண்டிருந்தாள். என்ன என்றால், அவள்தான் உடும்பாம். யானையாகவோ மானாகவோ இருக்கக் கூடாதா என்று கேட்டேன். அம்பு ஐந்தாவதாக உடும்பில்தான் வந்து நிற்கும், அதனால் எல்லாரும் உடும்பைத்தான் பார்ப்பார்கள், டீச்சரே சொன்னார்கள் என்றாள். என் வகுப்பில் இருந்திருந்தால் ராணி வேஷமே கொடுத்திருப்பேன் என்று வாய் வரைக்கும் வந்தது (பேகன் கதையில் ராணிக்கு வேலை இல்லை, இருந்தாலும் கொடுத்திருப்பேன்). உடும்பு செத்துப் பழகி முடித்து எழுந்து உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்தது.

"நீ அன்னிக்கு என்ன பண்ணுவேம்மா? பேர் சொல்ல வெப்பியா?"

கேலியாகக் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. பரிதாபப்பட்டுக் கேட்டாள். அந்த நிமிஷம் முடிவு செய்தேன். இன்ஸ்பெக்டர் என்ன நினைத்தாலும் சரி, 'எங்கம்மா நல்லா நடத்துனாங்க' என்று இந்தப் பிள்ளை வாயால் ஒரு தடவை வரவழைக்காமல் விடுவதில்லை.

உயிருள்ள பறவை வேண்டும். மயிலுக்கு எங்கே போவது? என் கொழுந்தன் சின்னராசுவிடம் ஒரு கட்டுச் சேவல் இருந்தது. சண்டைக்கு விடுகிற சேவல். கழுத்து செம்பட்டை, வால் பச்சையும் கறுப்புமாக மின்னும். கம்பும் கேழ்வரகும் முட்டையுமாகக் கொடுத்து வளர்த்தான். பெண்டாட்டியைக் கூப்பிடுவதைவிட அதை மரியாதையாகக் கூப்பிடுவான். அந்த வாரம் அவனும் என் வீட்டுக்காரருக்குத் துணை டிரைவராக லாரியில் போயிருந்தான். இன்ஸ்பெக்டர் வந்து போனதும் திருப்பித் தருகிறேன் என்று ஓரகத்தியிடம் சொல்லிச் சேவலை வாங்கிக்கொண்டேன். சாமி படத்துக்குப் பின்னால் செருகியிருந்த மூன்று மயிலிறகை எடுத்து அதன் வாலில் கட்டினேன். போர்வைக்கு என் வீட்டுக்காரரின் கல்யாணப் பட்டு அங்கவஸ்திரம்.

நிகழ்ச்சிக்கு முதல் நாள் விஜயா என்னிடம் வந்து, காகிதத்தில் ஒரு மயில் செய்து தரட்டுமா, சேவல் சொன்னபடி கேட்காதே என்று தன்மையாகக் கேட்டாள். எங்களுக்குக் காகிதம் எல்லாம் சரிப்படாது, நாங்கள் நிஜமாகத்தான் நடத்துவோம் என்று சொல்லி அனுப்பினேன். அன்றைக்கு ஒரு காகித மயிலை வாங்கி வைத்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே அவசியம் இருந்திருக்காது.

பேகனாக யாரைப் போடுவது என்பது அடுத்த சிக்கல். சேவலைக் கண்டதும் வகுப்பே பெஞ்சு மேல் ஏறி நின்றது. நல்லசாமி ஒருவன்தான் பயப்படாமல் போய், இரண்டு இறக்கையையும் சேர்த்துப் பிடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். அவன் எங்கள் ஊர் முனியப்பன் கோயில் பூசாரியின் மகன். சேவல் பிடித்துப் பழக்கம் இருக்கிறது, இவன்தான் பேகன் என்று முடிவு செய்தேன். எதற்காகப் பிடித்துப் பழக்கம் என்பதை யோசிக்கவில்லை.

இன்னொரு யோசனையும் செய்தேன். மயில் நடுங்க வேண்டுமே. அதற்கு மலையில் மழை பெய்வதாகக் காட்ட வேண்டும். ஒரு செம்பில் தண்ணீர், தெளிக்க ஒரு கொத்து வேப்பிலை. சேவல், செம்புத் தண்ணீர், வேப்பிலை, பூசாரி மகன். நான் அதே ஊரில் பிறந்து வளர்ந்தவள். கோயிலில் கிடாயோ சேவலோ வெட்டுவதற்கு முன்னால் அதன்மேல் தண்ணீர் தெளித்து, அது உடம்பைச் சிலிர்த்து உதறுகிறதா என்று காத்திருப்பதை வருஷா வருஷம் பார்த்தவள். உதறினால் துளுக்கிவிட்டது என்பார்கள், சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். இத்தனையும் தெரிந்தவளுக்கு அன்றைக்கு எதுவும் மண்டையில் ஏறவில்லை. பொறாமை அப்படிக் கண்ணை மறைத்திருந்தது.

எனக்குத் தெரியாத ஒன்றும் அன்று காலையில் நடந்திருந்தது. இன்ஸ்பெக்டரின் மதியச் சாப்பாட்டுக்கு ஊர்த் தலைவர் வீட்டிலிருந்து ஒரு சேவல் வரும், வந்ததும் அறுத்துக் குழம்பு வைத்துவிடு என்று, பள்ளியில் பிள்ளைகளுக்குச் சமைக்கும் பாப்பாத்தி அக்காவிடம் தலைமையாசிரியர் சொல்லியிருந்தார். அந்த அக்கா மசாலா அரைத்து வைத்துவிட்டு, சமையல் கொட்டகை வாசலில் நின்று சேவலை எதிர்பார்த்துக்கொண்டிருந்தது.

மரத்தடியில் நிகழ்ச்சி. முதலில் விஜயா. அவள் ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை. கையை நீட்டி வடக்கே காட்டினாள். "அந்தா தெரியுது பாருங்க, அந்த மலையிலதான் ஓரி இருந்தாரு" என்றாள். பிள்ளைகள், பெற்றோர்கள், இன்ஸ்பெக்டர் எல்லாரும் திரும்பிக் கொல்லிமலையைப் பார்த்தார்கள். பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் மலையை அன்றைக்குத்தான் பார்ப்பது மாதிரி நானும் பார்த்தேன். அதற்காகவும் அவள்மேல் ஆத்திரம் வந்தது. பிறகு ஒரு நீளக் கயிற்றில் காகித அம்பு ஓடியது. யானை விழுந்தது, புலி, மான், பன்றி விழுந்தன. உடும்பு மட்டும் லேசில் விழவில்லை. மூன்று சுற்று ஊர்ந்து, ஒருமுறை எழுந்து, இன்ஸ்பெக்டரின் செருப்புக்குப் பக்கத்தில் போய் உயிரை விட்டது. இன்ஸ்பெக்டர் கைதட்டினார்.

அடுத்து நான். அட்டைக் கிரீடமும் பட்டுமாக நல்லசாமி சேவலோடு வந்து நின்றான். கொல்லிமலையை அவள் காட்டிவிட்டதால் நான் பேகன் ஆண்ட பழனிமலைப் பக்கம் கையைக் காட்டினேன் (அங்கே ஒரு புளியமரம்தான் தெரிந்தது). மழை பெய்கிறது என்று சொல்லி வேப்பிலையால் தண்ணீர் தெளித்தேன். சேவல் அசையவில்லை. அது சண்டைக்களத்தில் முகத்தில் தண்ணீர் அடித்து வளர்ந்த சேவல், இந்த மழைக்கெல்லாம் நடுங்குமா. இன்ஸ்பெக்டரை முறைத்துக்கொண்டு நின்றது. இரண்டாம் தடவை தெளித்தேன். அப்போதும் இல்லை.

பெண்கள் பக்கத்தில் ஒரு அம்மாள் கையெடுத்துக் கும்பிட்டது. ஏதோ குறை இருக்கிறது என்று யாரோ முணுமுணுத்தார்கள். நான் என்ன செய்வதென்று நல்லசாமியைப் பார்த்தேன். அவன் சேவலின் முகத்துக்கு நேரே குனிந்து, அப்படியே அவன் அப்பா குரலில் பேச ஆரம்பித்தான்.

"கொறை இருந்தாச் சொல்லுங்க சாமி. நாங்க புள்ளைங்க, அறியாமச் செஞ்சிருப்போம். மனசெறங்கி உத்தரவு குடுங்க."

நான் எழுதிக் கொடுத்த வசனத்தில் இது இல்லை. ஆனால் இன்ஸ்பெக்டரே நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். மூன்றாம் தடவை தெளித்தேன். சேவல் கழுத்திலிருந்து வால் வரைக்கும் சிலிர்த்து உதறியது. மயிலிறகு ஒன்று பறந்து போய் விழுந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். நல்லசாமி, துளுக்கிவிட்டது, உத்தரவு ஆகிவிட்டது என்று சத்தமாகச் சொன்னான். பாவம், பாடத்தையும் மறக்கவில்லை. அங்கவஸ்திரத்தை எடுத்துச் சேவலுக்குப் பதமாகப் போர்த்தினான். கைதட்டல் மரத்தடியை அதிர வைத்தது. ஓரிக்குக் கிடைத்ததைவிட அதிகம். நான் யாரையும் பார்க்கவில்லை, கோமதியைத்தான் பார்த்தேன். உடும்பு முகமூடியை நெற்றிக்கு மேலே தள்ளிவிட்டு, குதித்துக் குதித்துக் கைதட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. விஜயாவை ஒரு பார்வை பார்த்தேன், அப்படி ஒரு பார்வை.

அந்தப் பார்வை பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் நல்லசாமி சேவலை எங்கே கொண்டு போனான் என்பதைக் கவனிக்காமல் விட்டேன். உத்தரவு ஆன சேவலை எங்கே கொண்டு போக வேண்டும் என்று பூசாரி மகனுக்குத் தெரியாதா. அரிவாள்மனையோடு காத்திருந்த பாப்பாத்தி அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அங்கவஸ்திரத்தை மட்டும் மடித்து என் மேஜைமேல் வைத்தான். சேவல் எங்கே என்று நான் கேட்டதற்கு, குடுத்துட்டனுங்க டீச்சர் என்றான். ஓரகத்தி வந்து வாங்கிக்கொண்டு போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மதியம் இன்ஸ்பெக்டருக்கு வாழையிலை போட்டுச் சாப்பாடு. பரிமாறியது நான்தான். வெற்றிக் களிப்பில் இருந்தேன். அவர் ஒரு துண்டை வாயில் போட்டு வெகுநேரம் மென்றார். நாட்டுச் சேவலா, நல்ல வைராக்கியமாக இருக்கிறதே என்றார். எங்கள் பக்கத்துச் சேவல் அப்படித்தான் சார் என்று பெருமையாகச் சொல்லி, வேண்டாம் வேண்டாம் என்றவருக்கு இன்னும் இரண்டு துண்டு அள்ளிப் போட்டேன். என் கையால் போட்டேன்.

சாப்பிட்டு முடித்ததும் அவர் நேராக என் வகுப்புக்கு வந்தார். தலைமையாசிரியரும் கூட வந்தார். 'ஆ' பிரிவுப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்க ஜன்னலில் தொற்றிக்கொண்டு நின்றன, கோமதி முன்வரிசையில். விஜயா வாசலில் நின்றாள். பேகன் யார் என்று கேட்டார் இன்ஸ்பெக்டர். முதல் பெஞ்சுச் சரசு எழுந்தாள். மயில் குளிரில் நடுங்கியதையும், பேகன் பார்த்து இரக்கப்பட்டதையும், போர்வையைக் கொடுத்ததையும் கணீரென்று சொன்னாள். என் வகுப்பில் ஒரு பிள்ளை ஒரு வள்ளலைப் பற்றி இத்தனை வாக்கியம் பேசி நான் கேட்டதே இல்லை. இன்ஸ்பெக்டர் சந்தோஷத்தில் இன்னும் ஒரு கேள்வி கேட்டார். கேட்டிருக்க வேண்டாம்.

"அப்பறம் அந்த மயிலு என்ன ஆச்சு, சொல்லு பாக்கலாம்?"

"நீங்க சாப்புட்டீங்களே சார்" என்றாள் சரசு.

இன்ஸ்பெக்டர் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தார். சரசு, தான் சொன்னது இன்ஸ்பெக்டருக்குப் புரியவில்லை என்று நினைத்து, பாப்பாத்தி அக்கா மயிலிறகை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்திருப்பதாகவும் சொன்னாள். அதே சமயத்தில் ஊர்த் தலைவர் வீட்டுப் பண்ணையாள், கால் கட்டிய சேவலோடு வாசலில் வந்து நின்று, நேரமாகிவிட்டது மன்னிக்க வேண்டும் என்றார். எனக்கு எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கியது. இன்ஸ்பெக்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மயிலா, மயிலா என்று தலைமையாசிரியரைக் கேட்டார். அவர் முகத்தில் வேலை போவதும் ஜெயிலுக்குப் போவதும் தெரிந்தன. நான் வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

விஜயாதான் முன்னால் வந்தாள்.

"மயில் இல்லீங்க சார், சேவலுதானுங்க. அக்கா அத்தன நல்லா நடத்துனதுல புள்ளைங்களுக்கு அது மயிலாவே பதிஞ்சுபோச்சுங்க."

இன்ஸ்பெக்டர் ஒரு செம்புத் தண்ணீர் குடித்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துக்கொண்டே போய், பாடம் உயிரோட்டமாக இருந்தது, உயிருள்ள கருவிகளைக் கையாளும்போது கவனம் தேவை என்று பார்வையாளர் குறிப்பேட்டில் எழுதிவிட்டுப் போனார். அவமானத்தைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன். அவள் வந்து காப்பாற்றினாளே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. அதுவும் ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்த கோமதி, என்னைப் பார்க்காமல் அவளை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலாம் நாள் லாரி திரும்பியது. சின்னராசு வெறும் கூண்டுக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டான். ஒரு மாதம் எங்கள் வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. கடைசியில் ஒருநாள் வாசல்வரை வந்து நின்று, இன்ஸ்பெக்டர் எத்தனை துண்டு சாப்பிட்டார் என்று கேட்டான். ஐந்து என்றேன். மெல்ல முடிந்ததா என்றான். சிரமப்பட்டார் என்றேன். அவ்வளவு சீக்கிரம் தோற்றுவிடுமா என்று சொல்லிவிட்டு, அன்றைக்குத்தான் உள்ளே வந்து சாப்பிட உட்கார்ந்தான்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது குளித்துவிட்டு வந்து தலையை உதறினால், துளுக்கிவிட்டது, உத்தரவு ஆகிவிட்டது என்று நாலு மூலையிலிருந்தும் குரல் வரும். காய்ச்சலில் நடுங்கினால்கூட முதலில் இதைச் சொல்லிவிட்டுத்தான் மாத்திரை தருவார்கள். இத்தனைக்கும் காரணம் கோமதி. கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் சொந்தக்காரர்களை உட்கார வைத்து முழுக் கதையையும் நடித்துக் காட்டுவாள். சேவல் முறைப்பதை, இன்ஸ்பெக்டர் மெல்வதை, வாயைத் திறந்தபடி நான் நின்றதை.

போன வருஷம் வெண்ணந்தூரில் ஒரு விசேஷம். கோமதி சொல்லி முடித்ததும், மாப்பிள்ளை வீட்டுப் பெரியம்மா ஒருத்தி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டது: "இப்படிக் கதை சொல்ல யாருகிட்டச் சாமி கத்துக்கிட்டே?"

நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். வேறு யாருடைய கதை அது? அம்மா டீச்சர், மகள் கதை சொல்கிறாள், எல்லாரும் என் பக்கம்தான் திரும்பிப் பார்த்தார்கள்.

கோமதி யோசிக்கக்கூட இல்லை.

"எங்க விசயா டீச்சருகிட்டங்க" என்றாள்.